செஞ்சி ஏரியில் அணுகுண்டுத் தூசி

கடலடிச் சேற்றை அளந்து பிழைப்பவள் நான். பினாங்கில் எங்கள் ஆய்வகம் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. சொந்தக்காரர்களிடம் என் வேலையை விளக்கிப் பார்த்து ஓய்ந்துவிட்டேன். கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் "மீன் சம்பந்தப்பட்ட வேலை" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவேன். அப்படிப்பட்டவள் கடலே இல்லாத செஞ்சிக்கு ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு காலத்தில் வல்லரசுகள் அணுகுண்டுகளைத் திறந்த வெளியிலேயே வெடித்துப் பார்த்தன. அந்தத் தூசி மேலே ஏறி, உலகத்தைச் சுற்றி, மழையோடு எல்லார் தலையிலும் இறங்கியது. அதிலிருக்கும் சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் களிமண்ணைப் பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. மழை மண்ணை அரிக்க, ஆறு அதைக் கலங்கலாகச் சுமந்துபோய்க் கடலில் கொட்டுகிறது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் கடலடிச் சேற்றை எடுத்து அளந்தோம். அதில் எவ்வளவு வானத்திலிருந்து நேராக விழுந்தது, எவ்வளவு ஆற்றோடு வந்தது என்று பிரிக்க வேண்டும். அந்த ஆறு செஞ்சிப் பக்கத்து மலைகளிலிருந்து வருகிறது. ஆற்று வெள்ளத்தை வடிகட்டி, மிதந்து வரும் நுண்துகளைப் பிடிக்க வேண்டும் என்று திட்டமிட்டோம். கார்த்திகை மாதம் பார்த்து வந்தேன்.

கூட வருவதாக இருந்த புதுச்சேரிப் பேராசிரியர் கடைசி நேரத்தில் கல்லூரி வேலையில் மாட்டிக்கொண்டார். "அனுமதியெல்லாம் வாங்கிட்டேன், நீங்க போய் எடுத்துட்டு வந்துடுங்க. இங்கேயே என் லேபில் அளந்துடலாம்" என்றார். அளக்கும் கருவி, வடிகட்டித் தாள், குழாய்கள், ஒரு தெர்மாகோல் பெட்டி சகிதம் செஞ்சி பஸ் நிலையத்தில் தனியாக இறங்கினேன்.

ஏழுமலை என்ற ஆட்டோக்காரர் என் மூட்டைகளைத் தாமாகவே ஏற்றிக்கொண்டார். "ஆத்துக்குப் போகணும்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு நேராகக் கோட்டைக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்.

"நான் ஆறுன்னு சொன்னேனே?"

"ஃபாரின்லேர்ந்து வந்து யாரு மேடம் ஆத்தப் பாப்பாங்க? நீங்க மாத்திச் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

வந்தது வந்தோம் என்று, மலையடியில் கருவியை இயக்கினேன். அது கையடக்கமானது. காற்றில், மண்ணில், கல்லில் எங்கும் இருக்கும் கதிர்வீச்சுக்கு ஏற்ப டிக், டிக் என்று ஒலிக்கும். கோட்டைப் பாறையருகே டிக்டிக் கூடியது. கருங்கல்லில் இயற்கையாகவே கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு. குரங்கு ஒன்று அந்தச் சத்தத்தைச் சற்று நேரம் கேட்டுவிட்டு என் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனது.

"இன்னா மேடம் அது, கத்துது?" என்று ஏழுமலை கேட்டார்.

சொன்னேன். குண்டு, வானம், மழை, களிமண் எல்லாவற்றையும் சொன்னேன். என் வேலையைப் பற்றி இவ்வளவு ஆர்வமாக யாரும் கேட்டதில்லை.

"அப்ப எங்க ஊருலயும் அந்தத் தூசு இருக்குதா?"

"உலகம் பூரா இருக்கு. இங்கேயும் கொஞ்சம் இருக்கும்."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பின்னால் வந்த வினையெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

ஆற்றுக்குப் போனால் ஆறு இல்லை. மணல் இருந்தது, சீமைக்கருவேல மரங்கள் இருந்தன, நடுவில் எருமை ஒன்று கால் நனைக்கும் அளவுக்கு ஒரு வாய்க்கால் ஓடியது. "இந்த வருசம் மழ ஏமாத்திடுச்சு மேடம்" என்றார் ஏழுமலை. எங்கள் ஊரில் மழை பெய்யாத வாரம் என்றால் நாளிதழில் செய்தி வரும். வெள்ளத்தை வடிகட்டக் கடல் கடந்து வந்தவள் மணலில் நின்று பேராசிரியருக்குப் போன் செய்தேன். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. "ஆறு இல்லேன்னா ஏரி. மிதந்து வந்ததெல்லாம் அங்கதானே படிஞ்சிருக்கும்" என்றார்.

வல்லம் போகும் வழியில் ஓர் ஏரியில் முன்பு பெய்த மழைத் தண்ணீர் கிடந்தது. அதை மீனுக்குக் குத்தகை எடுத்திருந்தவர் முருகன். அதிகம் பேசாதவர். மறுநாள் காலை, தெர்மாகோல் பலகைகளைக் கயிற்றால் கட்டிய மிதவையில் என்னை உட்காரவைத்து ஏரிக்குள் தள்ளிக்கொண்டு போனார். பினாங்கில் எங்களுக்கு எஞ்சின் படகு, உயிர்காப்பு அங்கி எல்லாம் உண்டு. இங்கே முருகன் சொன்ன பாதுகாப்பு விதி ஒன்றுதான்: "ஆடாதீங்க."

நீண்ட பிளாஸ்டிக் குழாயைச் சேற்றில் செங்குத்தாக அழுத்தி, மேலே மூடி, அப்படியே உருவ வேண்டும். உள்ளே சேறு அடுக்கடுக்காக நிற்கும். அடியில் பழைய வருடங்கள், மேலே புதிய வருடங்கள். சாய்த்தாலோ குலுக்கினாலோ வருடங்கள் கலந்துவிடும். ஆகவே குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தேன். கரையில் நல்ல கூட்டம். நடுவில் நின்று ஏழுமலை என் சார்பில் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். கையை மேலே தூக்கிக் குடை விரிவதுபோலக் காட்டியதைத் தூரத்திலிருந்தே பார்த்தேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் காலை, லாட்ஜுக்கு எதிரே டீக்கடையில் பொங்கலும் வடையும். மிளகு தட்டுப்பட்ட இடமெல்லாம் நெய் இருந்தது. எங்கள் ஊர் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றைக் காலை உணவு என்று இனிமேல் யாரிடமும் பெருமையாகச் சொல்ல மாட்டேன். பக்கத்து பெஞ்சில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏரியில அணுகுண்டு கசியுதாம்பா."

"குண்டு இல்லயாம். கழிவ லாரியில கொண்டாந்து கொட்டிட்டுப் பூட்டாங்களாம். மலேசியாவுலேர்ந்து ஒரு அம்மா மிஷினு எடுத்துகினு வந்து கண்டுபுடிச்சிருக்குது."

பாதி வடையை வைத்துவிட்டு எழுந்தேன்.

லாட்ஜுக்குத் திரும்பியபோது வாசலில் ஒரு பெண் அலுமினிய அன்னக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். முருகனின் மனைவி செல்வி. அவர் பிடிக்கிற மீனைக் கடைத்தெருவில் விற்பவள்.

 எங்கள் ஊர் வழக்கப்படி, "பசியாறியாச்சா?" என்றேன்.

"இன்னா?"

"சாப்பிட்டீங்களா?"

"சாப்புடற மாதிரியா பண்ணி வச்சிருக்கீங்க?" என்றாள். கூடையை இறக்கினாள். கட்லாவும் ஜிலேபிக் கெண்டையும் நிறைந்திருந்தன. "வெடியக் கருக்கல்ல புடிச்சது. ஒரு ஆளு கிட்ட வரல. தெனமும் வாங்கற மெஸ்ஸுக்காரரு வேணாம்னுட்டாரு. நாளைக்கு அமாவாச. மீனு ஓடாது. இன்னிக்கு வித்தாத்தான் உண்டு. வலையும் போட்டாச்சு, இன்னும் ரெண்டு கூடை வருது."

"நான் அப்படிச் சொல்லவே இல்லைங்க."

"சரி, இப்ப சொல்லுங்க. இருக்குதா, இல்லியா?"

"ரொம்பக் கொஞ்சமா இருக்கும். அதனால ஒண்ணும்..."

"இருக்கும்னு சொல்லாதீங்க மேடம். இல்லன்னு சொல்லுங்க."

என்னால் சொல்ல முடியவில்லை. இத்தனை வருடப் படிப்பும் வேலையும் எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த ஒரு சொல்லை லேசில் சொல்லாமல் இருப்பதைத்தான். கருவி கண்டுபிடிக்கும் அளவுக்குக் கீழே, என்போம். பொருட்படுத்தத் தக்கதல்ல, என்போம். இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டோம். செல்வி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில், "கடைத்தெருவுக்கு வர்றேன். எல்லார் முன்னாலேயும் காட்டறேன்" என்றேன்.

கடைத்தெருவில் நான் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவது நல்லது. மீன்மேல் கருவியை நீட்டினேன். அது வெறும் காற்றிலேயே ஒலிக்கும் கருவி. டிக், டிக் என்றது. கூட்டம் ஓரடி பின்வாங்கியது. "சத்தம் வருது பாரு" என்றது ஒரு குரல். வெறும் காற்றில் காட்டினேன். அங்கேயும் டிக், டிக். "காத்துலயும் பரவிடுச்சா?" என்றார் ஒருவர். பாத்திரக் கடைப் படிக்கல்லில் வைத்தேன். சத்தம் கூடியது. "பாருங்க, மீனைவிடக் கல்லில்தான் அதிகம்" என்று வெற்றியோடு நிமிர்ந்தேன். கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து வந்து, "யாவார நேரத்துல இது இன்னா மேடம்?" என்றார். அவர் குரலில் இருந்த மரியாதை என்னை விரட்டுவதற்குப் போதுமானதாக இருந்தது.

விட்டிருக்கலாம். விடவில்லை. "இயற்கையிலேயே எல்லாத்துலயும் கொஞ்சம் இருக்கு. வாழைப்பழத்துலகூட இருக்கு" என்றேன்.

வாழைப்பழத் தள்ளுவண்டிக்காரர் அங்கேயே நின்றிருந்தார். "ஏம்மா, அவுங்க மீனுக்கு எம் பழத்த ஏன் இழுக்கற?" என்றார். பழம் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் கையிலிருந்த சீப்பை மெதுவாகத் திரும்ப வைத்தாள்.

தெருமுனையில் கருங்கல் பிள்ளையார் இருந்தார். கல்லைப் பற்றி இன்னும் தெளிவாக விளக்க அவர் உதவுவார் என்று தோன்றி அந்தப் பக்கம் நடந்தேன். செல்வி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "போதும் மேடம். அணைச்சிடுங்க" என்றாள். அணைத்தேன்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். ஐஸ் உருகிச் சாக்கடையை நோக்கி ஓடியது. வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். முருகன் மொபெட்டில் அடுத்த கூடையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பழைய கூடையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அவர் ஏதாவது திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"நான் சாப்பிடறேன்" என்றேன். "எல்லார் பார்வையிலும் உட்கார்ந்து சாப்பிடறேன்."

மெஸ்ஸுக்காரர் முதலில் தயங்கினார். வாசலுக்கு வெளியே, தெருவைப் பார்த்தபடி மேசை போடுவதாக ஒப்புக்கொண்டார். பாத்திரமும் செல்வியுடையதாக இருக்க வேண்டும் என்றார். அவளே கழுவி, புளி கரைத்து, பூண்டு தட்டிப்போட்டுக் குழம்பு வைத்தாள். எங்கள் பக்கத்து அசாம் பெடாஸை உலகத்தின் தலைசிறந்த மீன் குழம்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று ஊரே பார்க்க, வாழையிலையில் கட்லாத் தலையை உறிஞ்சியபோது அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டேன். இரண்டாவது முறை சோறு கேட்டதில் நடிப்பு எதுவும் இல்லை.

எதிர்ப்பக்கம் நின்றவர்கள் பேசியது தெளிவாகவே கேட்டது.

"தைரியமாத்தான் துன்னுது."

"அவங்க ஊசி போட்டுகினு வந்திருப்பாங்க. நமக்கு ஏது ஊசி?"

"ஃபாரின் ஒடம்புபா. தாங்கும்."

ஒருவரும் வாங்கவில்லை. இலையை மடித்தேன். ஆய்வுக் கட்டுரைகளுக்கு வரும் எதிர்ப்புகளுக்கு நான் பதில் எழுதியிருக்கிறேன். இதற்கு என்ன எழுதுவது?

வெயில் ஏறியது. என் சேற்றுக் குழாய்க்கு ஐஸ் வைக்க வேண்டும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெட்கத்தோடு செல்வியிடமே கேட்டேன். அவள் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு லாட்ஜுக்கு வந்து, என் தெர்மாகோல் பெட்டியில் ஐஸைக் கொட்டி, ஓரங்களை டேப்பால் ஒட்டத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தினாள். கூடையிலிருந்து ஒரு நல்ல கட்லாவை எடுத்துப் பாலிதீன் பையில் சுற்றி ஐஸுக்குள் வைத்தாள்.

"இதையும் அளந்துடுங்க மேடம்" என்றாள். குரல் தணிந்திருந்தது. "எம் புள்ளைங்களும் இதத்தான் துன்னுதுங்க. மெஸ்ஸுக்காரருக்குச் சொல்றதுக்கு இல்ல. எனக்குத் தெரியணும்."

காலையிலிருந்து அவள் வியாபாரத்துக்காக மட்டும்தான் என்னோடு அலைந்தாள் என்று நினைத்திருந்தேன். அவளும் பயந்துதான் இருந்திருக்கிறாள்.  "கண்டிப்பா அளந்து சொல்றேன்" என்றேன். அந்தப் பயணத்தில் நான் சொன்னதில் யாரும் திரித்துப் பேசாத வாக்கியம் அது ஒன்றுதான்.

குழாயைக் கட்டுவதற்குக் கயிறும் சாக்கும் வாங்க மறுபடியும் கடைத்தெருவுக்குப் போனோம். பெட்டியைச் செல்வி தலையில் வைத்துக்கொண்டாள். குழாயை நான் மார்போடு அணைத்துக்கொண்டேன். மெஸ்ஸுக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"இன்னா செல்வி, பார்சலு?"

"லேப்புக்குப் போவுது."

"எந்த லேபு? ஃபாரினா?"

செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மேடம் எந்த ஊருன்னு உங்களுக்கே தெரியும்" என்றாள்.

"உள்ள இன்னா, மீனா?"

"நம்ம ஏரிதுதான்."

அவளும் ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை. பெட்டி புதுச்சேரியைத் தாண்டாது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். காலை முழுக்க உண்மை பேசி நான் சாதித்ததை நினைத்துப் பார்த்தேன். மூடிக்கொண்டேன்.

மெஸ்ஸுக்காரர் பெட்டியைச் சுற்றி ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்தார். "அவ்ளோ பத்திரமாவா எடுத்துகினு போறாங்க?" என்றார். கயிறு வாங்கித் திரும்புவதற்குள் அவர் செல்வியின் கூடையருகே குனிந்து செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக எடுப்பதைவிடக் கூடவே எடுத்தார். அவர் எடுத்ததைப் பார்த்து இன்னொருவர் நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு பெண், "ஃபாரினுக்கு அனுப்பறது இதானா? நமக்குத் தர மாட்டியா?" என்று கோபமாகக் கேட்டாள்.

மாலைக்குள் மூன்று கூடையும் காலி. முருகன் வந்து காலிக் கூடைகளை அடுக்கினார். எனக்கு ஒரு சுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. நானறிந்த கணக்குகளின்படி பயப்பட ஒன்றும் இல்லை என்று தெரியும். ஆனால் அந்த மீனை நான் இன்னும் அளக்கவில்லை. அளக்காத ஒன்றை ஊர் முழுவதும் அன்று வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தது, என் முகத்தை நம்பி.

அமாவாசையன்று புறப்பட்டேன். அதைவிடத் தவறான நாள் மாதத்தில் கிடையாது. மேல்மலையனூர் அங்காளம்மன் கோவிலுக்குப் போகிறவர்களும் வருகிறவர்களுமாகப் பஸ் நிலையம் பிதுங்கியது. ஓடுகிற பஸ் எல்லாம் 'சிறப்புப் பேருந்து' ஆகிவிட்டது. புதுச்சேரிக்குப் போகும் பஸ்ஸுக்கு மட்டும் எந்தச் சிறப்பும் இல்லை. கடைசியில் ஒன்றில் நிற்க இடம் கிடைத்தது. குழாய் சாயாமல் இருக்க வேண்டும். கம்பியைப் பிடிக்க முடியாமல், இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு யார் மேலாவது விழுந்துகொண்டிருந்தேன்.

மஞ்சள் புடவை கட்டிய ஓர் அம்மாள் குழாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "புத்து மண்ணாம்மா? ஒரு சிட்டிக குடு" என்றார். அங்கே புற்று மண்தான் பிரசாதம்.

"இல்லைங்க. ஏரிச் சேறு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏரிச் சேத்தயா கொழந்த மாரி அணைச்சுகினு வர?" என்றார். பிறகு என்ன தோன்றியதோ, தன் பேரனை எழுப்பி மடியில் போட்டுக்கொண்டு எனக்கு இடம் கொடுத்தார். அன்று வருடங்கள் கலக்காமல் குழாய் புதுச்சேரி போய்ச் சேர்ந்தது அவரால்தான்.

பேராசிரியரின் ஆய்வகத்தில் ஈயச் சுவருக்கு நடுவே மாதிரியை வைத்துக் காத்திருக்க வேண்டும். நாள் கணக்கில் ஆகும். சேறுதான் எங்கள் வேலை; ஆனால் நான் முதலில் மீனை வைத்தேன். அவர் புருவத்தை உயர்த்தினார். "சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றேன். கடல் சேற்றுக்கு அவ்வளவு நேரம் கணினித் திரையின் முன் நான் உட்கார்ந்ததில்லை. எழுந்துபோய்க் காப்பி குடித்துவிட்டு வருவேன், கோடு அப்படியே இருக்கும், மறுபடியும் உட்காருவேன்.

சீசியம் இருக்க வேண்டிய இடத்தில் கோடு எழும்பவே இல்லை. பிறகு வைத்த சேற்றில், நடு அடுக்கு ஒன்றில் மட்டும் மெல்லிய மேடு தெரிந்தது. உலகத்தில் எந்த ஏரியிலும் கிடைக்கக்கூடிய அதே பழைய தூசிதான். கடலோடு ஒப்பிட எங்களுக்குத் தேவையான எண் கிடைத்துவிட்டது. பேராசிரியர் சந்தோஷப்பட்டார். நான் வராந்தாவுக்குப் போய்ச் செல்விக்குப் போன் செய்தேன்.

"மீனில் இல்லை" என்றேன். என் வாயால் அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம். "சேத்துல துளியூண்டு இருக்கு. உங்களையோ பிள்ளைங்களையோ அது ஒண்ணும் பண்ணாது."

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "நெசமாத்தான?" என்றாள்.

"நெசமாத்தான்."

"நல்லா இருங்க மேடம்" என்றாள். கொஞ்ச நேரத்தில் குரல் பழையபடி ஆனது. "இன்னொண்ணு சொல்லணும். அனந்தபுரத்துப் பக்கம் ஏரி எடுத்திருக்காரே ஒருத்தரு, அவரு வந்து உங்க நம்பரு கேட்டாரு. அவரு ஏரியையும் மிஷினு வச்சுப் பாக்கணுமாம். எங்க மீனு ஃபாரின் போறதுனால அவரு மீனு வெல போவலயாம்."

"கொடுத்தீங்களா?"

"குடுத்துட்டேன். கேட்டா எப்டி இல்லன்றது?" என்றாள். "நீங்க போயிப் பாருங்க மேடம், நான் வேணாம்னு சொல்லல. அவரு மீனுக்கு மட்டும் பாஸ் மார்க்கு போட்டுடாதீங்க."